இருதயத்துக்கு யார் பிளான் வரைந்தது?

1

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் கொல்லயில் சபையின் ஞாயிறு ஆராதனை இப்போது யூடியூபில் நேரலையாக வருகிறது. நேரலை என்பது ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான். அயர்லாந்தில் இருக்கிற எனக்கு அது எப்போதும் ஆறிப்போன சாயா. நீங்கள் கோயில் விட்டு வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில்தான் நான் எழுந்து போனைத் திறப்பேன். பாட்டுகளைக் கேட்பேன். பிரசங்கத்தைக் கொஞ்சம் ஓட்டிவிடுவேன், கடவுள் மன்னிப்பாராக. அறிவிப்புகளை மட்டும் ஒரு சொல் விடமாட்டேன். கொல்லயிலில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் ஜெபக்கூட்டம், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் தெரியாவிட்டால் எனக்கு அந்த வாரம் ஓடாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்துக்கொண்டு வந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மிஷன் சபைகளில் ஒருவருக்கு நன்மை ஏதாவது நடந்தால், நன்றியாகப் பணம் வைத்த ஒரு கவரைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைச் செயலாளர் எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார். புது வீடு குடியேறியதற்கு, பி.எஸ்.சி. பட்டியலில் பெயர் வந்ததற்கு, பித்தப்பையில் இருந்த கல் ஆபரேஷன் இல்லாமல் போனதற்கு என்று வரிசையாக வந்தது. அதன்பிறகு இது வந்தது:

"அயர்லாந்தில் வசிக்கும் லில்லி சகோதரியின் மகள் ஷெறினுடைய கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் இருதயத்தில் காணப்பட்ட ஓட்டையைக் கர்த்தர் அற்புதமாக அடைத்தபடியால், மாமா ஜெயசிங் குடும்பத்தார் ஸ்தோத்திரத்தோடு படைக்கிறார்கள்."

லில்லி சகோதரி நான்தான். ஜெயசிங் என் தம்பி. ஷெறின் எங்கள் ஒரே மகள். ஓட்டை அடையவில்லை. அடைந்ததா என்று பார்க்கிற ஸ்கானுக்கே இன்னும் மூன்று வாரம் இருந்தது.

2

ஷெறின் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. ஆறு வயதில் அவளை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். கட்டியிருப்பது இந்த ஊர்ப் பையனை. கானர் என்று பெயர், தங்கமான பையன். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். பிறகு அவள் கர்ப்பமானதும் எல்லா வருத்தமும் ஓடிவிட்டது.

ஐந்தாம் மாத ஸ்கானில் படம் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். நான் நர்ஸ். அந்த அமைதி எனக்குத் தெரியும். பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். அனுப்பிய கடிதத்தில் ஷெறினின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவள் அப்பா பெயரும், அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவள் பெயரும் இருந்ததால், கணினியில் ஆளே இல்லை என்று சொல்லி ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். கிறிஸ்துதாஸ் என்ற பெயரில் கர்ப்பிணி யாரும் இல்லையாம். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: இருதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு ஓட்டை. தானாகவே அடையலாம். அடையாவிட்டால் பிறந்தபிறகு ஆபரேஷன் வேண்டிவரலாம். இருந்து பார்ப்போம்.

இருந்து பார்ப்போம் என்ற சொல்லை நான் எத்தனை குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். கேட்கிறவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அதோடு படுத்து எழுந்திருக்கவேண்டும்.

ஷெறின் எங்களிடம் ஒன்றுதான் கேட்டாள். "ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க. முடிவு தெரிஞ்ச பிறகு நானே சொல்றேன்." நானும் என் வீட்டுக்காரரும் தலையாட்டினோம்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரிடம் அலமாரிச் சாவியைக் கொடுக்கலாம், ரகசியத்தைக் கொடுக்கமுடியாது. தினமும் வீடியோவில் குடும்ப ஜெபம் உண்டு எங்களுக்கு. அங்கே கொல்லயிலில் ஜெயசிங் வீட்டார், இங்கே நாங்கள். பாட்டு முடிந்ததும் ஜெயசிங், "ஜெபக் குறிப்பு ஏதும் உண்டா?" என்று கேட்பான். எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு ரகசியத்தை ரகசியமாகச் சொன்னால் பொத்திவைத்துக்கொள்வார்கள். ஜெபக் குறிப்பாகச் சொன்னால் போயிற்று. அதை நான்கு பேரிடம் சொல்வது வம்பில்லை, கடமை. நான் டூட்டியில் இருந்த ஒருநாள் இவர் சொல்லிவிட்டார். "ஜெபிக்க மட்டும்" என்று சொல்லித்தான் சொன்னாராம்.

ஜெயசிங் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னான், ஜெபிக்க மட்டும். அவர்கள் பக்கத்து ஊரான குளத்தூரில் சொன்னார்கள், ஜெபிக்க மட்டும். ஊரில் பக்கத்து வீட்டு வசந்தா, செங்கல் என்ற ஊரில் உள்ள சிவபார்வதி கோயிலில் ஒரு வழிபாடு செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டு எனக்கு போன் செய்தாள். "அக்கா, சீட்டு எழுதணும். பிள்ளைக்க நட்சத்திரம் என்னவாக்கும்?" பிறக்காத பிள்ளைக்கு நட்சத்திரம் ஏது? அப்படியென்றால் ஷெறினின் நட்சத்திரத்தைச் சொல் என்றாள். எங்கள் வீட்டில் யாருக்கும் நட்சத்திரம் தெரியாது. "சாரமில்ல, அது போட்டு, நான் பேரு மட்டும் சொல்லி வழிபாடு கழிச்சுக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பயத்திலா அன்பிலா என்று கேட்டால் இரண்டிலும்தான்.

3

ஜெயசிங்குக்குப் பாறசாலையில் ஒரு சிறிய ஆபீஸ். வீட்டுக்கு பிளான் வரைந்து, பஞ்சாயத்தில் அனுமதி வாங்கிக் கொடுக்கிற தொழில். சபையில் வாலிபர்களுக்கு வகுப்பும் எடுக்கிறான். அவனுக்கு மிகவும் பிடித்த தலைப்பு, உயிர் எப்படித் தொடங்கியது என்பது. பிளான் இல்லாமல் ஒரு கோழிக்கூடு கூட நிற்காது, அப்படியிருக்க உயிர் மட்டும் தானாக வந்ததா என்று தொடங்கினால், சாப்பாட்டு மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான்.

ஷெறின் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை ஊருக்குப் போனபோது அந்த ஆபீஸில் இருவரும் மோதிக்கொண்டார்கள். நானும் இருந்தேன். மேஜையில் விரித்துக்கிடந்த பிளானைப் பார்த்து ஷெறின் கேட்டாள்.

"இந்த வீடு எப்போ கட்டுவாங்க மாமா?"

"அது கட்டியாச்சு மக்கா. குடியும் போயாச்சு. பஞ்சாயத்துக்குக் குடுக்க இப்பம் பிளான் வரையுறேன்."

எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். வளைகுடாவிலிருந்து பணம் கையில் வரும்போதெல்லாம் ஒரு அறையைச் சேர்ப்பார்கள், மாடிப்படியை இடம் மாற்றுவார்கள். எல்லாம் முடிந்தபிறகு ஜெயசிங் டேப்பைக் கொண்டுபோய் அளந்து, அந்த வீட்டுக்குத் தக்கபடி ஒரு பிளான் போடுவான். அதைப் பார்த்தால், முதல் நாளே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த மாதிரி இருக்கும்.

ஷெறின் கைதட்டிச் சிரித்தாள். "இதைத்தான் மாமா நான் கிளாஸ்ல சொல்றேன். உயிரும் இப்படி அறை அறையா சேர்ந்ததுதான். பிளான் நாம பின்னால வரையறது."

"செரி. பிளான் இல்லேன்னே வச்சுக்கிடுவோம். கொத்தனாரு உண்டுல்லா?"

"முதல் உயிர் எப்படி வந்ததுன்னு முழுசா யாருக்கும் இன்னும் தெரியாது மாமா. தெரியாத இடத்துல ஒரு ஆளைக் கொண்டுபோய் உட்கார வைக்கணுமா?"

"தெரியாத இடத்துல ஆளே இல்லேன்னு கதவச் சாத்தணுமா மக்கா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் அவளுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு அது வெறும் வாதம். யாருடைய பிள்ளையும் அதில் கிடந்து துடிக்கவில்லை.

அறிவிப்பைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை நான் அவனைக் கூப்பிட்டேன்.

"எலே ஜெயசிங், ஓட்டை அடைஞ்சுதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல அக்கா. விசுவாசமாக்கும். கிடைச்ச பிறகு ஸ்தோத்திரம் சொல்ல விசுவாசம் எதுக்கு? முந்திச் சொல்லணும்."

"ஸ்கானே இன்னும் பாக்கலியே."

"உண்டாக்குனவருக்குத் தெரியாத ஸ்கானா? இருதயத்தப் பாரு அக்கா. நாலு அறை, நாலு வால்வு. ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா மட்டும் தொறக்கும். ஒருத்தர் வரையாம இது வருமா? வரைஞ்சவரே பூசியும் தருவாரு. நீ தைரியமா இரி."

தைரியமாக இரு என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கூடுதலாகப் பயம் வரும்.

4

அந்த வீடியோவிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். கீழே கைகூப்பிய படங்கள் நிரம்பி வழிந்தன. அந்தக் குழுவில் ஷெறினும் இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவள் மாலையில் நேரே என் சமையலறைக்கு வந்தாள். கோட்டைக் கூடக் கழற்றவில்லை. போனை மேஜையில் வைத்து, அதே குழுவில் வந்திருந்த ஒரு குரல்பதிவைப் போட்டாள். தூரத்து உறவில் ஒரு அத்தையின் குரல்.

"லில்லி, கோவிச்சுக்கிடாத. உனக்க மவ கோயில்ல வச்சு கல்யாணம் கழிக்கல்லல்லா. ஆண்டவரு சும்மா ஒண்ணும் அனுப்பமாட்டாரு. அதயும் ஒருக்கா பாவமுன்னு அறிக்கை செய்யச் சொல்லு. ஓட்ட அடைஞ்சது திரும்பத் தொறந்திரப்பிடாது, பாத்துக்கிடுங்க."

பதிவு முடிந்தது. ஷெறின் என்னைப் பார்த்தாள்.

"இதை நீ நம்பறியாம்மா?"

"சத்தியமா இல்ல."

"ஆனா ஒருத்தர் இருந்து என் பிள்ளையோட இருதயத்தைச் செஞ்சார்னு நம்பற."

"நம்பறேன்."

"அப்போ இந்த ஓட்டையையும் அவர்தானே வெச்சார்?"

வயிற்றில் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளின் இருதயத்திலும் ஒரு ஓட்டை இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டேன். அது மேல் அறைகளுக்கு நடுவில் இருப்பது, நோயே இல்லை. நுரையீரலுக்கு அப்போது வேலையில்லாததால் ரத்தம் அந்த வழியாகக் குறுக்கே போகிறது. பிள்ளை பிறந்து மூச்சுவிடத் தொடங்கினதும் ஒரு சிறு தோல் வந்து அதை மூடிக்கொள்ளும். படிக்கிற காலத்தில் அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. "அதைப் பாரு மோளே. யாரோ யோசிச்சு வச்சதுதானே அது?" என்றேன்.

"இருக்கட்டும். அந்தக் கதவை அவ்வளவு கவனமா வெச்சவருக்கு இந்தச் சுவரை முடிக்கத் தெரியலையா? இல்ல, தெரிஞ்சும் விட்டாரா? எனக்கு எது பயம்னு உனக்குப் புரியலைம்மா. யாரும் செய்யலைன்னா எனக்கு நிம்மதி. வளரும்போது ஒரு சுவர் சரியா சேரலை, அவ்வளவுதான். யாருக்கும் என் மேல கோபம் இல்லை. என் பிள்ளை மேலயும் இல்லை. நீங்க எல்லாரும் அங்க ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தினா, நான் ராத்திரியெல்லாம் என்ன தப்பு செஞ்சேன்னு தேடணும்."

கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அடுத்த ஸ்கானுக்கு நீ வரவேண்டாம். நானும் கானரும் போய்க்கிறோம்."

அவள் ஒருமுறை கூடக் குரலை உயர்த்தவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கோபத்தையும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்கள்.

5

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று தெரியவில்லை. என் வார்டில் எல்லாரும் முதியவர்கள். காலையில் மருந்து கொடுத்து, நாடி பார்த்து, படுக்கை மாற்றவேண்டும். மனசு எங்கோ இருந்ததால் ஒரு ஐரிஷ் கிழவரிடம் என்ன ஆயிற்று என்பதை "எந்து பற்றி?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டேன். அவர் அதற்கும் ஏதோ ஒரு பதில் சொன்னார், பாவம். இங்குள்ள மலையாளி சங்கத்தில் என்னைத் தமிழச்சி என்பார்கள், தமிழ்ச் சங்கத்தில் மலையாளி என்பார்கள். பயம் வந்தால் எனக்கு எந்த மொழி வரும் என்பது எனக்கே தெரியாது.

தொண்ணூறைத் தாண்டியவர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பேன். ஒருநாளும் நிற்காமல் இத்தனை வருஷம் அடித்திருக்கிறது. இதைப் பார்க்கும்போது ஜெயசிங் சொல்வதுதான் சரி, வரைந்தவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். உடனே மகளின் முகம் வரும். இவருக்கு இத்தனை உறுதியாகக் கொடுத்தவர் அந்தச் சிறிசுக்கு ஏன் கணக்காகக் கொடுக்கவில்லை? அப்படி நினைத்த மறுநிமிடமே, நினைத்ததைக் கேட்டுவிட்டாரோ என்று பதறுவேன். நன்றி சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். ஷெறினுக்கு அங்கே யாரும் இல்லாமல் இருப்பது ஆறுதல். எனக்கோ அங்கே யாரும் இல்லையென்றால் சண்டை போடக்கூட ஆள் இல்லை. இதை அவளிடம் சொல்ல ஆசைப்பட்டேன். அவள் என் போனை எடுத்தால்தானே?

ஸ்கான் நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் ஷெறின் கூப்பிட்டாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல ஒப்பித்தாள். ஓட்டை அப்படியே இருக்கிறது. பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. பிறந்தபிறகு சில மாதங்களில் ஆபரேஷன் தேவைப்படலாம். இருந்து பார்ப்போம். "வேற ஒண்ணும் கேக்காதேம்மா, ப்ளீஸ்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஜெயசிங் மேல் கோபம் பொங்கியது. அவனைக் கூப்பிட்டு, "நீ ஸ்தோத்திரம் சொன்ன ஓட்டை அங்கேயே இருக்கு" என்றேன். அவன் உடனே ஏதாவது வசனம் சொல்வான், நான் நன்றாகத் திட்டலாம் என்று காத்திருந்தேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"எனக்க பயலுக்கு நான் முந்தி ஸ்தோத்திரம் சொல்லல்ல அக்கா" என்றான்.

ஜெயசிங்குக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அப்போது நான் இங்கே வந்து கொஞ்ச காலம்தான். பிறந்தபிறகே இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் இருந்தது. அடக்கத்துக்கு என்னால் போகமுடியவில்லை. அதற்குப்பிறகு அவனும் அதைப் பற்றிப் பேசினதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"கவர் எடுத்து வச்சிருந்தேன் அக்கா. பிள்ள வீட்டுக்கு வரட்டும், பிறகு கோயில்ல குடுக்கலாம்னு சட்டைப் பையில வச்சிருந்தேன். பாத்துட்டுக் குடுக்கலாம்னு நெனச்சேன் பாத்தியா, அதாக்கும் எனக்க தெற்று, எனக்க தப்பு. இந்தப் பிள்ளைக்கு அப்பிடி ஆவப்பிடாதுன்னு... பிளான் ஒண்ணு உண்டுன்னு நான் எல்லாருக்கும் படிப்பிச்சுக் குடுக்குறேன். இல்லேன்னா எனக்க பயல் சும்மா வந்து சும்மா போனான்னு ஆயிருமே அக்கா."

இத்தனை வருஷமாக அவன் வகுப்பெடுத்ததெல்லாம் யாருக்காக என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டுவதற்காக வாயில் வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன்.

6

மறுநாள் மாலை ஷெறின் வீட்டு வாசலில் போய் நின்றேன். கூப்பிடாமல் போவது இங்கே வழக்கமில்லை. கானர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாயைக் கொஞ்சம் நடக்கக் கூட்டிப்போய்விட்டு வருகிறேன் என்று வெளியே போனான். ஷெறினோடு சமையலறையில் உட்கார்ந்தேன். நியாயம் பேசவில்லை. ஜெயசிங்கை மன்னித்துவிடு என்றும் சொல்லவில்லை. அவனுடைய அந்தப் பையனையும் அந்தக் கவரையும் பற்றி மட்டும் சொன்னேன்.

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எனக்கு ஏன் யாருமே சொல்லலை?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சொல்லவேண்டியதைச் சொல்லாமலும், சொல்லக்கூடாததை ஜெபக் குறிப்பாகவும் வைத்துக்கொள்கிறோம் என்பதை அவளிடம் எப்படி விளக்குவது? அவளே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மாமாவைக் கூப்பிட்டாள்.

"மக்கா, மாமாவுக்குத் தெற்று பற்றிப்போச்சு. வாற ஞாயிறு நான் கோயில்ல எழும்பி நின்னு..."

"அதை விடுங்க மாமா. அந்தப் பையனுக்கு என்ன பேரு வெச்சீங்க?"

"வச்சேன். யாருக்கும் சொல்லல்ல. நெவின்னு" என்றான். எனக்கே அந்தப் பெயர் தெரியாது.

"மாமா, நெவின் மூணு நாள்ல போனது நீங்க கவர் குடுக்காததால இல்லை. குடுத்திருந்தாலும் அவன் இருதயம் அப்படித்தான் இருந்திருக்கும். அதை யாரும் செய்யலை. நீங்களும் செய்யலை."

யாரும் செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் ஜெயசிங் விடுகிற ஆளில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாதாடுவான். கோழிக்கூடு வருமா, கொத்தனார் வருவாரா என்று நான் காத்திருந்தேன்.

"பிள்ளைக்கு இப்பம் இருதயம் நல்லா அடிக்குதா மக்கா?" என்று கேட்டான்.

"அடிக்குது மாமா. இருங்க." ஸ்கான் அறையில் கானர் தன் போனில் பதிவுசெய்து அனுப்பியிருந்ததை அவள் தேடி எடுத்தாள். தன் போனுக்குப் பக்கத்தில் டேப்லெட்டை வைத்து அதைப் போட்டாள். தையல் மிஷினை வேகமாக மிதித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் சமையலறை முழுவதும் ஓடியது. நான் ஷெறினின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையைத் தட்டிவிடவில்லை. பதிவு சிறியதுதான், சட்டென்று முடிந்துவிட்டது.

தும்மினால் கூட ஸ்தோத்திரம் சொல்கிறவன் என் தம்பி. இப்போது சொல்வான், இவள் முகம் மாறும் என்று பயந்தேன்.

"இன்னொருக்கா போடு மக்கா" என்றான்.